எழுவாயில் அமர்ந்த இன்மை

ஆங்கிலத்தில் நாள்தோறும் பலமுறை வாயில் வந்துபோகும் ‘நத்திங்’ என்னும் சொல்லை அம்மொழியின் இலக்கணம் எதிர்மறைப் பிரதிப்பெயர் என்று வகைப்படுத்துகிறது. பெயர்ச்சொல் ஒன்று நிற்க வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு, அந்த இடத்திற்கு உரிய பொருள் எதுவும் இல்லை என்று அறிவிப்பதே இவ்வகைச் சொல்லின் தொழில். ‘நோ’ என்னும் மறுப்பும், பொருளைக் குறிக்கும் ‘திங்’ என்னும் பெயரும் ஒட்டிப் பிறந்தது இது. இதன் உறவுச் சொல்லாகிய ‘நோபடி’, உடலையும் ஒருகாலத்தில் ஆளையும் ஒருசேரக் குறித்த ‘படி’ என்னும் பெயரோடு அதே மறுப்பு சேர்ந்தது. ‘நன்’ என்பது பழைய ஆங்கிலத்தில் ‘நே’ என்னும் மறுப்பும் ஒன்று எனப் பொருள்படும் ‘ஆன்’ என்னும் எண்ணுப்பெயரும் புணர்ந்து சுருங்கியது. இந்தச் சொற்களின் தனித்தன்மை அவை மறுக்கின்றன என்பதில் இல்லை, ஏனெனில் மறுக்காத மொழி உலகில் கிடையாது. மறுப்பு வினையில் தங்காமல் எழுவாயின் இருக்கையிலோ செயப்படுபொருளின் இருக்கையிலோ ஏறி அமர்ந்துவிடுகிறது என்பதில்தான் இருக்கிறது. இந்த இருக்கை மாற்றம் ஐரோப்பிய இறையியலையும் மெய்யியலையும் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அலைக்கழித்திருக்கிறது.

தமிழில் இதற்கு நேரான சொல் இல்லை. ‘எதுவும் வரவில்லை’, ‘யாரும் காணவில்லை’, ‘ஒன்றும் சொல்லவில்லை’ என்னும் தொடர்களில் ‘எதுவும்’, ‘யாரும்’, ‘ஒன்றும்’ என்பன தம்மளவில் எதையும் மறுப்பவை அல்ல. இலக்கணிகள் முற்றும்மை என்று பெயரிட்ட ‘உம்’ வினாச்சொல்லோடோ எண்ணுப்பெயரோடோ சேர்ந்து, எஞ்சாமல் அனைத்தையும் தழுவுவதற்கு மட்டுமே அங்கு நிற்கிறது. மறுக்கும் பொறுப்பு முழுவதும் வினைக்கு உரியது. ஆங்கிலத்தொடரை உறுப்புக்கு உறுப்பாகப் பெயர்த்தால் ‘இன்மை வந்தது’ என்றும் ‘ஆளின்மை என்னைப் பார்த்தது’ என்றும் அமையும். அவற்றைக் கேட்கும் தமிழர் ஏதோ பேயைப் பற்றிய பேச்சு என்று எண்ணுவாரே தவிர, எதுவும் வரவில்லை, யாரும் பார்க்கவில்லை என்று பொருள் கொள்ளமாட்டார். பழைய தமிழில் நிலைமை இன்னும் விந்தையானது. ‘காணேன்’, ‘வாரான்’ போன்ற எதிர்மறை வினைமுற்றுகளில் பகுதியும் விகுதியும் தெரிகின்றனவேயன்றி மறுப்பைக் குறிக்கும் உறுப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. எதிர்மறை ஆகாரம் ஒன்று இடையில் புணர்ந்து கெட்டது என்று தமிழ் இலக்கண மரபு இதற்கு விளக்கம் கூறியது. திருநெல்வேலிச் சீமையில் வாழ்ந்து, 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல், காலம் காட்டும் உறுப்பு இல்லாமையே அவ்வடிவங்களில் மறுப்பை உணர்த்துகிறது என்று கருதினார். அவர் கருத்து சரியென்றால், இன்மையைச் சொல்வதற்குத் தமிழ் ஒருகாலத்தில் ஓர் இன்மையையே கருவியாகக் கொண்டிருந்தது.

ஆங்கிலமும் தொடக்கத்திலிருந்தே இன்றைய வடிவில் இருக்கவில்லை. பழைய ஆங்கிலத்திலும் கவிஞர் சாசரின் காலத்து ஆங்கிலத்திலும் மறுப்பு வினையிலும் பிரதிப்பெயரிலும் ஒருங்கே வருவது இயல்பாக இருந்தது. ‘அவன் இல்லை சொன்னான் இல்லை-ஒன்றை’ என்பது போன்ற அந்த அமைப்பில் இரண்டு மறுப்புகளும் ஒன்றையொன்று வலுப்படுத்தினவே தவிர அழிக்கவில்லை. இரண்டு எதிர்மறைகள் ஒன்றையொன்று அழித்து உடன்பாடாகிவிடும் என்று ராபர்ட் லௌத் 1763-இல் வெளிவந்த தம் இலக்கண நூலின் இரண்டாம் பதிப்பில் எழுதியதற்கு முன்பே படித்தோர் நடை வினையிலுள்ள மறுப்பைக் கைவிடத் தொடங்கியிருந்தது. அவரும் அவர் வழிவந்தோரும் அதைப் பள்ளிக்கூட விதியாக்கினர். லண்டனின் கீழைப்பகுதிப் பேச்சிலும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஆங்கிலத்திலும் பழைய அமைப்பு இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆகவே, வினை முற்றிலும் உடன்பாடாக நிற்க, மறுப்பின் சுமை முழுவதையும் ஒற்றைப் பிரதிப்பெயர் தாங்கும் அமைப்பு, இன்றைய எழுத்து ஆங்கிலம் செவ்வியல் லத்தீனோடு பகிர்ந்துகொள்ளும் குணமே ஒழிய மனித மொழியின் பொதுக்குணம் அன்று. அதே லத்தீனில்தான் இச்சிக்கலின் சமய வரலாறும் தொடங்குகிறது.

லத்தீனில் ‘நத்திங்’ என்பதற்கு நேரான சொல் ‘நிஹில்’. அதன் அடியில் ‘நே’ என்னும் மறுப்பும், அற்பப் பொருளைக் குறிக்கும் ‘ஹீலும்’ என்னும் பெயரும் உள்ளன என்பது பொதுவாகத் தரப்படும் விளக்கம். தமிழர் ‘எள்ளளவும் இல்லை’, ‘துரும்பும் இல்லை’ என்பது போன்ற வழக்கு அது, எள்ளும் துரும்பும் சொல்லுக்குள்ளேயே கரைந்துவிட்டன என்பதே வேறுபாடு. உலகை இறைவன் எதிலிருந்து படைத்தான் என்ற கேள்விக்குக் கிறித்தவ மரபு அளித்த விடை இந்தச் சொல்லால் ஆனது. அந்த விடைக்கு மேற்கோளாகக் காட்டப்படும் மக்கபேயர் இரண்டாம் நூலின் 7ஆம் அதிகாரத்தில், கொல்லப்படவிருக்கும் தன் மகனிடம் ஒரு தாய், வானத்தையும் மண்ணையும் கடவுள் எவ்வாறு உண்டாக்கினார் என்று நினைவூட்டுகிறாள். கிரேக்க மூலத்தில் அவள் பேச்சில் ‘நிஹில்’ போன்ற பெயர் எதுவும் இல்லை. உள்ளவற்றிலிருந்து அவர் அவற்றைச் செய்யவில்லை என்னும் பொருளில் ஒரு மறுப்பிடைச்சொல் மட்டுமே வருகிறது, அது நிற்கும் இடமும் சுவடிக்குச் சுவடி மாறுகிறது. லத்தீன் விவிலியம் இதை ‘எக்ஸ் நிஹிலோ’ என்று பெயர்த்தது. மறுப்பாக இருந்தது மொழிபெயர்ப்பில் ஒரு பெயராகி, வேற்றுமை உருபும் ஏற்று, ‘மண்ணிலிருந்து குடம்’ என்பது போல ‘இன்மையிலிருந்து உலகு’ என்று நிற்கத் தொடங்கியது.

அவ்வாறு நின்ற சொல்லை உள்ளபடியே எடுத்துக்கொண்டவர் பிரெடெகிசுஸ். யார்க் நகரத்து அறிஞர் அல்குயினின் மாணாக்கராகிய இந்த ஆங்கிலேயர், பின்னாளில் தூர் நகரத்துப் புனித மார்ட்டின் மடத்தின் தலைவரானவர். ஏறத்தாழ 800ஆம் ஆண்டளவில் சார்லமேன் அரசவைக்கு, இன்மையும் இருளும் உள்பொருள்களா என்பது பற்றி ஒரு மடல் எழுதினார். அவருடைய வாதம் எளிமையானது. ‘மனிதன்’, ‘கல்’, ‘மரம்’ என எல்லைப்பட்ட பெயர் ஒவ்வொன்றும் ஏதோ ஒன்றைக் குறிக்கிறது. ‘நிஹில்’ என்பதும் எல்லைப்பட்ட ஒரு பெயரே என்பதில் இலக்கணிகளுக்கு ஐயமில்லை. எனவே அதுவும் ஏதோ ஒன்றைக் குறிக்கிறது. அதோடு அவர் நிற்கவில்லை: நிலமும் நீரும் நெருப்பும் காற்றும் ஒளியும் வானவர்களும் மனித ஆன்மாவும் அதிலிருந்து படைக்கப்பட்டிருப்பதால், அந்த ஒன்று மிகப் பெரியதாகவும் இருக்க வேண்டும். பேரரசர் இம்மடலைத் துங்கால் என்னும் அயர்லாந்து அறிஞரிடம் அனுப்பி அவர் கருத்தைக் கேட்டார் என்பதிலிருந்து, அரசவையில் இதைப் பொருட்படுத்திப் பேசினார்கள் என்பது தெரிகிறது. பிரெடெகிசுஸை அறிவிலி என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அவர் செய்த பிழை, பிழையாயின், மொழியை நம்பியது மட்டுமே. பெயருக்குப் பொருள் உண்டு என்ற நம்பிக்கை இல்லாமல் யாரும் பேசவே முடியாது.

அவருக்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கண்ணியை அகஸ்டின் பார்த்திருந்தார். 389ஆம் ஆண்டளவில், தம் மகன் அதேயோதாத்துசுடன் நிகழ்ந்த உரையாடலாக அவர் எழுதிய ‘ஆசிரியர்’ என்னும் நூலில், சொல் என்பது குறி, குறி என்பது ஏதேனும் ஒன்றைக் குறிப்பது என்று இருவரும் ஒப்புக்கொண்டபின், வெர்ஜிலின் காவிய அடி ஒன்றை எடுத்துச் சொல்சொல்லாக ஆராய்கிறார்கள். அவ்வடியின் இரண்டாவது சொல் ‘நிஹில்’. இல்லாததைக் குறிக்கும் சொல் எப்படிக் குறியாகும் என்று மகன் திகைக்கும்போது, தந்தை ஒரு வழி காட்டுகிறார்: அச்சொல் ஒரு பொருளைக் குறிக்கவில்லை, ஒன்றைத் தேடி, அது இல்லை என்று கண்ட, அல்லது கண்டதாகக் கருதிய, மனத்தின் நிலையைக் குறிக்கிறது. உடனே, ‘நிஹில்’ நம்மைத் தடுத்து நிறுத்திவிடாதபடி மேலே செல்வோம் என்னும் பொருளில் ஒரு வேடிக்கையும் செய்கிறார். எதுவும் தடுக்காதபோது எப்படித் தடைபடுவது என்ற நகைப்பு அதில் அடங்கியிருக்கிறது. நகைப்போடு கடந்துபோன அந்த விளக்கத்தை அவர் பின்னர் விரித்து எழுதாமல் விட்டது ஓர் இழப்பென்றே சொல்ல வேண்டும்.

எனினும் அச்சொல்லின் மேல் அவர் எச்சரிக்கை குறையவில்லை. யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரம் மூன்றாம் வசனம், வார்த்தையானவரை அன்றி எதுவும் உண்டாகவில்லை என்று கூறுவது. லத்தீன் வாசகத்தில் ‘நிஹில்’ தொடரின் இறுதியில் வந்து நிற்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு, அவரை அன்றி உண்டாக்கப்பட்டது ‘நிஹில்’ எனப்படும் ஒன்று என்று சிலர் பொருள்கொண்டனர். ‘நன்மையின் இயல்பு’ என்னும் நூலில் அகஸ்டின் இவர்களைக் கடுமையாக எள்ளி, சொல் தொடரின் தொடக்கத்தில் வந்தாலும் இறுதியில் வந்தாலும் பொருள் மாறாது என்று இலக்கண ஆசிரியர் போலப் பாடம் நடத்துகிறார். தீமை தனி உள்பொருள் அன்று, நன்மையின் குறைபாடே என்று மானிகேயருக்கு எதிராக வாதிட்டவருக்கு இது வெறும் இலக்கணப் பூசல் அல்ல. ‘நிஹில்’ ஒரு பொருளாகிவிட்டால், கடவுள் படைக்காத ஒன்று உலகில் இடம் பிடித்துவிடும்.

இச்சிக்கலை அவிழ்ப்பதில் எவரையும் விடத் தெளிவாகச் சென்றவர் அன்செல்ம். நார்மண்டியின் பெக் மடத்தில் இருந்தபோது, பின்னாளில் அவர் கான்டர்பரியின் பேராயராவதற்கு முன், 1076-ஐ ஒட்டி எழுதிய ‘மோனோலோகியோன்’ நூலின் எட்டாம் அதிகாரத்தில், ஒன்று ‘இன்மையிலிருந்து ஆனது’ என்று சொல்வதற்கு மூன்று பொருள் உண்டு என்கிறார். வாய்மூடி இருக்கும் ஒருவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று கேட்டால், ‘ஒன்றையும் பற்றி அல்ல’ என்று விடை வரும். அவர் பேசவே இல்லை என்பது அதன் கருத்து. அதுபோல, ஆகவே ஆகாததை இன்மையிலிருந்து ஆனது என்று சொல்லலாம், இது முதற்பொருள். இன்மை என்னும் மூலப்பொருளைக் கொண்டு ஒன்று ஆனது என்பது இரண்டாம் பொருள். இது எக்காலத்தும் நிகழ முடியாதது. மூன்றாவது, காரணமின்றி வருந்தும் ஒருவரை ‘ஒன்றுமில்லாததற்கு வருந்துகிறார்’ என்று சொல்வது போன்றது: வருத்தம் உண்மை, அதற்குரிய காரணம் மட்டுமே இல்லை. உலகம் இன்மையிலிருந்து ஆனது என்பதும் இப்படியே. ஆனது உண்மை, எதிலிருந்து ஆனது என்று சுட்டத்தக்க எதுவும் இல்லை. பத்தொன்பதாம் அதிகாரத்தில் அவர் இன்னும் துணிவான எடுத்துக்காட்டு ஒன்றைத் தருகிறார். ‘நிஹில் எனக்குப் பறக்கக் கற்றுத் தந்தது’ என்ற தொடரை, இன்மை என்னும் ஆசான் பறக்கக் கற்பித்தான் என்றும் கொள்ளலாம், எதுவும் தமக்குப் பறக்கக் கற்பிக்கவில்லை என்றும் கொள்ளலாம். முதலாவது பொய், இரண்டாவது மெய். உயர்பரம்பொருளுக்கு முன் ‘நிஹில்’ இருந்தது என்ற கூற்றையும் இரண்டாவது வழியில் வாசிக்கச் சொல்கிறார்.

அன்செல்ம் செய்ததை உற்றுநோக்கினால், பெயரில் ஏறியிருந்த மறுப்பை இறக்கி வினையிடம் திருப்பி ஒப்படைத்தார் என்று விளங்கும். லத்தீனில் எழுதிய ஒருவர் இரண்டு அதிகாரங்களில் உழைத்து அடைந்த வாசிப்பு, தமிழில் எழுதுபவருக்கு இலக்கணம் இலவசமாகத் தருவது. இதனால் தமிழ் மெய்யியலுக்கு ஏற்ற மொழி என்று பெருமை கொள்ள இடமில்லை. உழைப்பில்லாமல் கிடைத்த தெளிவு, கேள்வி எங்கே இருந்தது என்பதையே மறைத்துவிடக்கூடும்.

பிரதிப்பெயரின் இருப்பைப் போலவே அதன் அகலமும் சமயப் போருக்குக் காரணமாகியிருக்கிறது. அன்றாட ஆங்கிலத்தில் ‘நத்திங்’ பெரும்பாலும் உலகம் முழுவதையும் மறுப்பதில்லை. குளிர்பெட்டியைத் திறந்து ஒன்றுமில்லை என்று சொல்பவர் அதிலுள்ள தட்டுகளையும் விளக்கையும் கணக்கில் கொள்வதில்லை. என்ன செய்கிறாய் என்ற கேள்விக்கு ஒன்றுமில்லை என்று விடை சொல்பவர் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறார். இந்த எல்லை சொல்லில் எழுதப்பட்டிருப்பதில்லை, பேசும் சூழல்தான் அதை வரைகிறது. யோவான் நற்செய்தி 15ஆம் அதிகாரத்தில், திராட்சைக்கொடியும் கிளைகளும் என்னும் உவமையினிடையே, தம்மை அன்றிச் சீடர்களால் ஒன்றும் செய்ய இயலாது என்று இயேசு கூறுவதாக உள்ள இடத்தில் எல்லை எது? இறையருளின்றியும் மனிதர் தம் முயற்சியால் நன்னெறி நிற்கலாம் என்ற பெலாஜியுஸின் சார்பினரை எதிர்த்துக் கூடிய கார்த்தேஜ் சங்கம் 418-இல், அங்கே சொல்லப்பட்டது ‘கடினமாகச் செய்வீர்கள்’ என்பது அன்று, ‘ஒன்றும் செய்ய இயலாது’ என்பதே என்று சொல்லை அழுத்திப் பிடித்தது. ஆயிரத்து நூறு ஆண்டு கழித்து இதே சொல் மீண்டும் களத்துக்கு வந்தது. மனித விருப்பத்தின் உரிமை பற்றி 1524-இல் எழுதிய எராஸ்மஸ், ‘நிஹில்’ என்பது மக்கள் வழக்கில் அற்பமானதையும் குறைவுடையதையும் குறிக்கும், ஆகவே அவ்வசனம் மனித முயற்சி அனைத்தையும் துடைத்தெறியவில்லை என்றார். 1525-இல் விடையிறுத்த மார்ட்டின் லூத்தர், ஒன்றுமில்லை என்பதைச் ‘சிறிதளவு உண்டு’ என்று மாற்றும் இந்த வித்தையை விடாமல் கேலி செய்தார்.

வழக்கைப் பற்றிய செய்தியில் எராஸ்மஸ் சொன்னது சரி. அச்சொல் உண்மையாகவே அப்படி வழங்குகிறது. ஆனால் ஒரு சொல் சில இடங்களில் குறுகி வழங்குகிறது என்பதால் குறிப்பிட்ட ஓர் இடத்திலும் குறுகியே வழங்குகிறது என்று ஆகிவிடாது, அதற்கு அவ்விடத்திலேயே சான்று வேண்டும் என்று லூத்தர் கேட்டதும் சரி. ஆக, மனிதன் மீட்படைவதில் அவன் பங்கு என்ன என்ற கேள்வி, ஒரு பிரதிப்பெயரின் வட்டத்துக்குள் எவ்வளவு இடம் அடங்கும் என்ற கேள்வியாகவும் இருந்தது. தமிழும் இவ்வகைச் சிக்கலுக்கு அப்பாற்பட்டதன்று: ‘எல்லாரும் வரவில்லை’ என்றால் ஒருவரும் வரவில்லையா, சிலர் வந்தனரா என்பதைச் சூழலே முடிவு செய்கிறது, முற்றும்மை சிலவிடத்து எச்சவும்மையாகவும் நிற்கும் என்று இலக்கணம் சொல்வது இதைக் கருதியே.

சண்டைகளுக்கிடையே சிரிப்பும் இருந்தது. ஆளைக் குறிக்கும் லத்தீன் பிரதிப்பெயராகிய ‘நேமோ’, அதாவது ‘ஒருவருமில்லை’, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் ராதுல்புஸ் என்பவர் கையில் ஒரு புனிதராக உயர்ந்தது. கடவுளை நேமோ கண்டார், இரு தலைவர்களுக்கு நேமோ ஊழியம் செய்ய வல்லவர் என்று விவிலிய வசனங்களைத் திரட்டி, கடவுளுக்கு நிகரான ஒரு புனிதரின் வரலாற்றை அவர் வரைந்தார். இதை உண்மையென்று கொண்டு மறுப்பு எழுதவும் ஒருவர் முன்வந்தார் என்பது கூடுதல் வேடிக்கை. ஒற்றைக்கண் அரக்கனிடம் தன் பெயர் ‘ஊடிஸ்’, அதாவது ‘ஒருவனுமில்லை’, என்று சொல்லித் தப்பிய ஒடிசியுஸின் தந்திரமும் இதே பொறிதான். 1606-இல் லண்டனில் அச்சான ‘நோபடியும் சம்படியும்’ என்னும் நாடகத்தில் நோபடி என்ற பாத்திரத்தின் படம் உடற்பகுதியே இல்லாமல், கழுத்துவரை ஏறிய காற்சட்டையோடு வரையப்பட்டிருக்கிறது. 1871-இல் வெளிவந்த லூயிஸ் கரோலின் இரண்டாவது ஆலிஸ் கதையில், சாலையில் யாரையும் காணவில்லை என்று ஆலிஸ் சொன்னதும், அத்தனை தொலைவில் ‘நோபடி’யைக் காணும் கண் தமக்கு இல்லையே என்று வெள்ளை அரசர் ஏங்குகிறார். கரோல் என்ற புனைபெயருக்குப் பின்னால் இருந்தவர் ஆக்ஸ்போர்டின் கணித ஆசிரியர், அளவையியல் நூல்களும் எழுதியவர். இந்த இடத்தைத் தமிழாக்க முனையும் எவரும் இடறுவார். நகைப்பின் உயிர் பெயரின் இருக்கையில் இருக்கிறது, தமிழில் அந்த இருக்கை காலி.

இந்நகைப்பை அளவையியல் விதியாக மாற்றியவர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல். 1905-இல் ‘மைண்ட்’ இதழில் வந்த கட்டுரையில், ‘எல்லாம்’, ‘ஏதோ ஒன்று’, ‘ஒன்றுமில்லை’ ஆகிய மூன்றும் தனித்து நின்று எதையும் குறிப்பதில்லை, தொடர் முழுவதும் சேர்ந்தே பொருள் தருகிறது என்று அவர் காட்டினார். ‘நத்திங் சிவப்பு’ என்பது நத்திங்கைப் பற்றிய கூற்றன்று, எதை எடுத்தாலும் அது சிவப்பு என்பது பொய்யாகும் என்னும் கூற்று. கால் நூற்றாண்டுக்குப் பின், 1929 ஜூலையில் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய தொடக்கப் பேருரையில் மார்ட்டின் ஹைடெக்கர், ஜெர்மன் பிரதிப்பெயருக்குச் சுட்டிடைச்சொல் சூட்டிப் பெயராக்கி, அதற்கு ஒரு வினையும் படைத்து, இன்மை இன்மையாக்குகிறது என்ற கருத்தில் பேசினார். ‘வெளியே மழை இருக்கிறது’ என்பதை அச்சாகக் கொண்டு ‘வெளியே ஒன்றுமில்லை இருக்கிறது’ என்று வார்க்க ஜெர்மன் இடம் தருவதாலேயே இத்தகைய போலித்தொடர்கள் பிறக்கின்றன, ஒழுங்கான அளவைமொழியில் அவற்றை எழுதவே இயலாது என்று ருடால்ப் கார்னாப் விரைவில் கண்டித்தார். ஆனால் தருக்கம் தம்மைத் தடுக்கும் என்பதை ஹைடெக்கர் அறியாமல் பேசவில்லை; அவ்வுரையிலேயே அந்தத் தடையை எழுப்பி, மறுப்பிலிருந்து இன்மை பிறப்பதில்லை, அச்சவுணர்வில் மனிதன் எதிர்கொள்ளும் இன்மையிலிருந்தே மறுப்பு பிறக்கிறது என்று அவர் வாதிட்டார். கார்னாப் தொடரை வென்றார். வழக்கு முடிந்ததாகத் தோன்றவில்லை.

முடியாததற்குச் சான்று இந்தியாவில் கிடைக்கிறது. ‘நிஹில்’ போன்ற பெயரைச் சார்ந்திராமல், ‘தரையில் குடம் இல்லை’ என்ற எளிய வினைமறுப்பையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, வடமொழித் தருக்கநூலார் இன்மையை ஒரு பதார்த்தமாக, அதாவது சொல்லால் குறிக்கப்படும் உண்மைப்பொருள் வகைகளுள் ஒன்றாக, வைத்தனர். வைசேடிகரின் பழைய ஆறு வகைகளோடு ஏழாவதாக அபாவம் சேர்ந்தது; சிவாதித்தியர் தம் நூலுக்கே ‘சப்த பதார்த்தி’ என்று பெயரிட்டார். உண்டாவதற்கு முன்னுள்ள இன்மை, அழிந்த பின்னுள்ள இன்மை, முக்காலத்தும் இன்மை, ஒன்று மற்றொன்று அல்லாமை என அதை நான்காகப் பிரித்து, முதல் மூன்றையும் ஒரு குடும்பமாகவும் நான்காவதைத் தனியாகவும் வைத்தனர். ஒவ்வோர் இன்மைக்கும் ‘பிரதியோகி’ ஒன்று உண்டு, அதாவது எதன் இன்மை என்று சுட்டப்படும் பொருள். பிரதியோகி இல்லாத வெற்றின்மை பற்றி அவர்களுக்குப் பேச்சே இல்லை. குமாரிலபட்டரின் மரபு இன்மையை அறிய ‘அனுபலப்தி’, அதாவது காணாமை, என்ற தனி அளவையே வேண்டும் என்றது. பிரபாகரரோ, அங்கே அறியப்படுவது வெறுந்தரை மட்டுமே, இன்மை என்று கூடுதலாக ஒன்றும் இல்லை என்றார். ஆகவே பிரதிப்பெயரே இந்தக் கேள்வியைப் பெற்றெடுத்தது என்று சொல்ல முடியாது. அது கேள்விக்கு ஐரோப்பாவில் ஒரு முகத்தைத் தந்தது.

தமிழுக்கு இவ்வாதம் அயலானதன்று. மணிமேகலை, வஞ்சியில் அளவைவாதி கூறும் அளவைகளுள் அபாவத்தையும் எண்ணுகிறது. 13ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் அபாவத்தைப் பெயர் சுட்டிய பின்னர், காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் எல்லா அளவைகளையும் அடக்குகிறார். அதற்கும் வெகு முன்பே தொல்காப்பிய வினையியல், காலத்தை வெளிப்படக் காட்டாத குறிப்பு வினைக்கு உரிய பொருள்களைக் கூறுமிடத்தில் அன்மையையும் இன்மையையும் வேறு வேறாக எண்ணியிருக்கிறது. ‘அது குடம் அன்று’ என்பது அன்மை, ‘அங்கே குடம் இல்லை’ என்பது இன்மை. தருக்கநூலார் நான்காம் அபாவத்தைத் தனியே பிரித்து நிறுத்திய கோடும் ஏறக்குறைய இதுவே. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘நாட்’ வந்துவிடுவதால், ‘நத்திங்’ ஒரு பொருள் அன்று என்பதும் எப்பொருளும் இல்லை என்பதும் எளிதில் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. ஆனால் தமிழுக்கும் தன் கண்ணி உண்டு. படைப்புக்கு முந்திய நிலையைச் சொல்ல வரும் தமிழர், ‘அப்போது ஒன்றும் இல்லாமல் இருந்தது’ என்பார். எது இருந்தது என்று கேட்டால் விடை கிடையாது. எழுவாயில் ஏறாத இன்மை இங்கே பயனிலையின் ‘இருந்தது’க்குள் புகுந்துகொள்கிறது.

இக்கண்ணியை மனத்தில் வைத்தே, லைப்னிட்ஸ் 1714-இல் எழுப்பிய, ஒன்றுமில்லாமைக்குப் பதிலாக ஏதோ ஒன்று ஏன் இருக்கிறது என்ற கேள்வியை அணுக வேண்டும். ஒன்றுமில்லாமை எளியது என்று அவர் சேர்த்துக்கொண்ட காரணம், அதையும் ஒரு போட்டியாளராக நிறுத்தி எடைபோட்டதிலிருந்து வந்தது. இன்மை என்ற எண்ணம் இருப்பைவிடக் குறைவானதன்று, கூடுதலானது என்று 1907-இல் ஆன்ரி பெர்க்சன் இதை எதிர்த்தார்: எண்ணப்பட்ட பொருள், அதை நீக்கிய மறுப்பு, அதை எதிர்பார்த்த மனம் ஆகிய மூன்றும் அதற்குள் உள்ளன. போட்டியாளரை நீக்கிய பிறகும் ‘ஏன் இருக்கிறது’ என்ற பாதி நிற்கிறது. அதை எந்த இலக்கணமும் கரைத்துவிடவில்லை. அண்மைக்கால இயற்பியலார் இப்பாதிக்கு விடை கண்டுவிட்டதாகச் சொல்லும்போது பழைய இருக்கை மாற்றமே திரும்பவும் நிகழ்கிறது. லாரன்ஸ் கிராஸ் 2012-இல் ‘நத்திங்’கிலிருந்து அண்டம் பிறந்தது என்று நூலெழுத, அவர் அப்பெயரால் அழைப்பது குவாண்டம் விதிகளுக்கு உட்பட்ட வெற்றிடப் புலத்தை, அது ஏற்கெனவே ஏதோ ஒன்று என்று மெய்யியலாளர் டேவிட் ஆல்பர்ட் மதிப்புரையில் கண்டித்தார். பிரெடெகிசுஸ் உயிரோடு இருந்தால் கிராஸின் பக்கம் நின்றிருப்பார்.

1943-இல் வெளிவந்த தம் பெருநூலில் சார்த்தர் காட்டும் எடுத்துக்காட்டு, குடமில்லாத தரைக்கு மிக அருகில் உள்ளது. நண்பர் பியேரைச் சந்திக்க ஒருவர் காப்பிக்கடைக்குள் நுழைகிறார். பியேர் அங்கே இல்லை. வெலிங்டன் பிரபுவும் அங்கே இல்லைதான், ஆனால் அவருடைய இன்மை வெறும் சொல்லளவினது. பியேரின் இன்மையோ மேசைகளையும் முகங்களையும் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் கடை முழுவதும் நிறைகிறது. வேறுபாடு தேடிய மனத்தில் இருக்கிறது. சார்த்தருக்கு ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன், தேடிக் காணாத மனத்தின் நிலை என்று அகஸ்டின் ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கடந்ததும் இதைத்தான். அந்த விளக்கத்தை அவரோடு பேசிக் கண்ட அதேயோதாத்துஸ், உரையாடல் நிகழ்ந்து நெடுநாள் ஆகாமல், இளம்பருவத்திலேயே இறந்துபோனான். பல ஆண்டுகள் கழித்துத் தம் ஒப்புதல் நூலில் அந்த உரையாடலை நினைவுகூரும் தந்தை, அதில் மகனின் பெயரில் வரும் கருத்துகள் அனைத்தும் பதினாறு வயதில் அவன் கூறியவையே என்று இறைவனைச் சாட்சியாக அழைத்துப் பதிவு செய்திருக்கிறார்.